கொக்கோ மரமும் உழவரின் காத்திருப்பும்

மதுரை நகரின் எந்தத் தெருவிலும் இன்று சாக்லேட் கிடைக்கும். பெட்டிக்கடையின் கண்ணாடிப் புட்டிகளில் கடலை மிட்டாயோடும் தேன் மிட்டாயோடும் அதுவும் இடம் பிடித்துவிட்டது. பிறந்த நாளுக்கும் புதுநன்மை விழாவுக்கும் அதுவே பரிசு. ஆயினும் அது மண்ணில் விளைந்த ஒன்று என்னும் எண்ணம் நமக்குள் எழுவதில்லை. வெல்லத்தைச் சுவைக்கும் சிறுவன் கரும்பைக் கண்டிருப்பான். அரிசியை அளக்கும் இல்லத்தரசி நெற்கதிரை அறிந்திருப்பார். கொக்கோ மரத்தைக் கண்ட மதுரைக்காரரோ மிகச் சிலரே.

இத்தனைக்கும் இந்திய மண்ணில் கொக்கோ முதன்முதலாக வேரூன்றியது நம் தென்தமிழ் நாட்டில்தான். மதுரையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய குற்றாலமே அவ்விடம். ஆண்டு 1798. அன்றிலிருந்து இன்றுவரை இரண்டேகால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்த மரத்தின் கதையை எண்ணிப் பார்க்கும்போது அது வெறும் தாவரக் கதையாகத் தோன்றவில்லை. புதிய பயிர் ஒன்று உழவரின் நிலத்துக்கு வரும்போது அதன் தோல்வியை யார் சுமப்பது என்னும் பழைய கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. அக்கேள்வியை மனத்திற்கொண்டே இவ்வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்போம்.

குற்றாலத்தில் நின்ற மரங்கள்

கொக்கோவின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. அங்கிருந்து அது நடு அமெரிக்காவுக்குச் சென்று, மாயா, ஆஸ்டெக் மக்களின் பானமாகவும் சில காலம் நாணயமாகவும் விளங்கியது. 1544ஆம் ஆண்டில் தொமினிக்கன் துறவியர், குவாத்தமாலாவின் மாயா மக்கள் சிலரை ஸ்பெயின் இளவரசர் பிலிப்பிடம் அழைத்துச் சென்றபோது, அவர்கள் கொண்டு சென்ற காணிக்கைகளுள் சாக்லேட் பானமும் ஒன்றாக இருந்தது என்பர். பின்னர் ஸ்பானியர் அம்மரத்தைப் பசிபிக் கடல் கடந்து பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கொண்டு சென்றனர். கிழக்கிந்தியத் தீவுகளுக்கும் அது பரவியது. 1753இல் தாவரங்களுக்குப் பெயர் வகுத்த லின்னேயஸ், இம்மரத்துக்குத் 'தியோபுரோமா' என்று பெயரிட்டார். தேவர்களின் உணவு என்பது அதன் பொருள்.

1796இல் ஆங்கிலேயர், டச்சுக்காரர் வசமிருந்த அம்போய்னாத் தீவைக் கைப்பற்றினர். கிராம்பும் சாதிக்காயும் விளையும் அத்தீவுகளின் செல்வத்தைத் தம் ஆட்சிப் பகுதிகளிலும் வளர்த்துவிட வேண்டும் என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் பேராவல். அதற்கெனக் கன்றுகள் கப்பலேறின. தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் விழும் குற்றாலம், வாசனைப் பயிர்களுக்கு ஏற்ற இடமாகக் கருதப்பட்டது. அத்தீவிலிருந்து வந்தவற்றுள் கொக்கோவும் ஒன்று. இவ்வாறு 1798இல் குற்றாலத்தில் கொக்கோ நடப்பட்டது.

அவ்வாறு வந்தவை 'கிரியோல்லோ' என்னும் வகையைச் சேர்ந்தவை. அதன் பருப்பு மணமும் மென்மையும் மிக்கது. ஆனால் மரம் நோஞ்சான். காய்ப்புக் குறைவு, நோய்க்கு எளிதில் இரையாகும். வெவ்வேறு வகைகளைக் கொணர்ந்து, அருகருகே நட்டு, எது இம்மண்ணுக்கு ஏற்றது என்று பார்க்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. கையில் கிடைத்த ஒன்றை நட்டார்கள். அது வாழ்ந்தது, ஆனால் வளம் தரவில்லை. அதன்பின் ஏறத்தாழ 165 ஆண்டுகள் கொக்கோ நம் நாட்டில் வணிகப் பயிராகவில்லை. நீலகிரி அடிவாரத்தின் கல்லாறு, பர்லியார் பழப்பண்ணைகளில் சில மரங்கள் காட்சிப்பொருள்போல் நின்றன. ஒரு பயிரைக் கொண்டுவருவது வேறு, அதை உழவருக்கு உரியதாக்குவது வேறு என்பதற்குக் குற்றாலமே நமக்கு அருகிலுள்ள சான்று.

நம் மக்கள் கொக்கோவை அறவே அறியாதவர்கள் என்றும் கூறிவிட முடியாது. 1869 முதல் இலங்கையின் காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் அழித்தபோது, தோட்ட முதலாளிகள் தேயிலை, சிங்கோனா ஆகியவற்றுடன் கொக்கோவையும் நாடினர். மாத்தளை, கண்டிப் பகுதிகளின் கொக்கோத் தோட்டங்களில் உழைத்தவர்களுள் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிச் சீமைகளிலிருந்து சென்ற நம்மவர் பலர். அங்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பட்டைப் புற்றுநோய் பரவியது. மெல்லிய கிரியோல்லோ மரங்களே அதில் மிகுதியும் மாண்டன. ஒரே வகையை நம்பியவர்களுக்கு மீண்டும் அதே பாடம் கிடைத்தது.

மரத்தின் குணம்

இம்மரத்தில் நல்ல ரகத்தை உருவாக்குவது ஏன் இத்தனை கடினம்? அதன் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

முதலாவதாக, கொக்கோவின் விதை பொறுமையற்றது. நெல்லையும் கேழ்வரகையும் குதிரில் இட்டு அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம். காயிலிருந்து எடுத்த கொக்கோ விதையோ ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் முளைப்புத்திறனை இழந்துவிடும். ஆகவேதான் கப்பற்பயணக் காலத்தில் இம்மரம் அரிதாகவே இடம் பெயர்ந்தது. வந்தவையும் ஒரு சில மரங்களின் வழித்தோன்றல்களாகவே இருந்தன.

இரண்டாவதாக, இதன் பூக்கள் கிளைநுனியில் பூப்பதில்லை. அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாகப் பூக்கின்றன. ஊசிமுனை அளவான ஒருவகைக் கொசு ஈக்களே மகரந்தத்தைச் சுமக்கின்றன. ஆயிரமாயிரம் பூக்களில் நூற்றுக்குச் சிலவே காயாகின்றன. அக்காயும் முற்றுவதற்கு 5, 6 மாதங்கள் தேவை.

மூன்றாவது இயல்பே இனவிருத்தியாளரை மிகவும் சோதிப்பது. பல கொக்கோ மரங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. தன் பூவைத் தன் பூவே ஏற்காத மரம், வேறு குலத்து மரத்தின் துணையை வேண்டி நிற்கிறது. எனவே விதைமூலம் வரும் ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு விதம். ஒரே காயிலிருந்து எடுத்த நாற்பது விதைகள், நாற்பது குணமுள்ள மரங்களாகலாம். சுரை விதைத்தால் சுரை முளைக்கும் என்பது உண்மையே. ஆனால் எத்தகைய சுரை என்பதை யார் கூறுவது? கொக்கோத் தோட்டங்களில் கணக்கெடுத்தவர்கள் கண்ட உண்மை இது: சிறு பகுதி மரங்களே பெரும்பகுதிக் காயைத் தருகின்றன. மற்றவை நிழலில் நின்று உரத்தையும் நீரையும் உண்டு காலம் கழிக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் மேலாக, காலம். ஒட்டுக்கன்றோ நாற்றோ, நட்டபின் மூன்று நான்கு ஆண்டுகளில்தான் முதற்காய். விளைச்சல் நிலைபெற ஏழெட்டு ஆண்டுகள். ஒரு கலப்பினம் நல்லதா, அல்லதா என்று அறியவே ஏறத்தாழ 10 ஆண்டுகள் காயெண்ணிக் கணக்கெழுத வேண்டும். அதில் தேறியவற்றை ஒட்டுக்கட்டிப் பல இடங்களில் நட்டு ஒப்பிட மேலும் 10 ஆண்டுகள். பணியைத் தொடங்கிய ஆய்வாளர், அதன் பயனைத் தம் பணிக்காலத்துக்குள் காண்பது அரிது.

திரினிடாட் தந்த பாடம்

கொக்கோவை முறையாக ஆராயும் பணி மேற்கிந்தியத் தீவான திரினிடாடில் வலுப்பெற்றது. அத்தீவின் கிரியோல்லோத் தோட்டங்கள் 1727இல் ஒரு பெரும் கேட்டினால் அழிந்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, அங்குப் பணியாற்றிய கப்புச்சின் துறவியர் தென் அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து வலிய 'பொராஸ்டெரோ' வகை விதைகளைக் கொணர்ந்தனர் எனக் கூறப்படுகிறது. எஞ்சி நின்ற பழைய மரங்களும் புதியனவும் பூச்சியால் கலந்தன. அக்கலப்பில் பிறந்த இனமே 'திரினிட்டாரியோ'. மணத்தில் தாயையும் வலிமையில் தந்தையையும் ஓரளவு ஒத்த இவ்வினத்தை மனிதர் எவரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. ஆனால் கலப்பில் வளம் உண்டு என்பதை அது உலகுக்குக் காட்டியது.

1928இல் 'சூனியக்காரியின் துடைப்பம்' என்று மக்கள் பெயரிட்டழைத்த பூசண நோய் திரினிடாடை எட்டியது. தாக்குண்ட கிளைகள் துடைப்பம்போல் சிலும்பிக் காய்ந்தன. அப்போது அங்குப் பணியாற்றிய பவுண்டு என்னும் ஆய்வாளர் இரண்டு காரியங்களைச் செய்தார். முதலில் தீவின் தோட்டங்களையெல்லாம் சுற்றி, நன்கு காய்க்கும் 100 மரங்களைத் தெரிந்தெடுத்தார். அவை இம்பீரியல் கல்லூரித் தேர்வுகள் என்னும் பெயரில் எண்ணிட்டு ஒட்டுக்கட்டப்பட்டன. அடுத்து, 1930களின் பிற்பகுதியில் அமேசான் ஆற்றின் மேற்பகுதிக் காடுகளுக்குச் சென்றார். நோய் பிறந்த இடத்தில்தான் அந்நோயைத் தாங்கும் மரமும் இருக்கும் என்பது அவருடைய எண்ணம். பெரு நாட்டின் ஆற்றங்கரைகளில் திரட்டிய காய்களும் குச்சிகளும், பின்னர் உலகெங்கும் நடந்த கொக்கோ இனவிருத்திக்கு முதலாயின. காட்டு மரங்களையும் தோட்ட மரங்களையும் கலந்தபோது, பிறந்த கன்றுகள் பெற்றோர் இருவரையும் விஞ்சி விரைந்து வளர்ந்தன, முன்னதாகக் காய்த்தன.

இதில் நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்று உண்டு. அக்காட்டு மரங்கள் எவருக்கும் அன்று பயன்படாதவை. கரையோரத்து எளிய மக்களின் குடிசைகளுக்குப் பின்னால் நின்றவை. அவற்றை யாரேனும் வீண் என்று வெட்டியிருந்தால், பிற்காலத்தில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இலட்சக்கணக்கான உழவரின் தோட்டங்கள் அந்த வலிமையைப் பெற்றிருக்கமாட்டா.

வெட்டப்பட்ட மரங்களும் இழந்த நம்பிக்கையும்

கானா நாட்டின் கதை வேறொரு பாடத்தைத் தருகிறது. தெத்தே குவார்ஷி என்னும் கொல்லர், பெர்னாண்டோ போ தீவிலிருந்து 1879இல் கொண்டுவந்த விதைகளே அந்நாட்டின் கொக்கோ வேளாண்மைக்கு வித்திட்டன என்று அம்மக்கள் போற்றுகின்றனர். 1911க்குள் அந்நாடு உலகிலேயே மிகுதியாகக் கொக்கோ விளைவிக்கும் நாடாக உயர்ந்தது. உழைத்தவர்கள் பெருமுதலாளிகள் அல்லர், சிறு உழவர்கள். ஆனால் அவர்களுடைய மரங்கள் பெரும்பாலும் ஒரே வகை. 1936இல் தண்டு வீக்க நோய் அங்கே கண்டறியப்பட்டது. நச்சுயிரியால் வரும் அந்நோய்க்கு மருந்து இல்லை. நோயுற்ற மரத்தை வெட்டுவதே வழி என்று குடியேற்ற அரசு தீர்மானித்து, 1940களின் பிற்பகுதியில் ஆட்களை அனுப்பி மரங்களை வெட்டத் தொடங்கியது.

இன்னும் காய் தாங்கி நின்ற மரத்தை அதிகாரி ஒருவர் வந்து வெட்டும்போது, அந்த உழவரின் மனம் எப்படி இருந்திருக்கும்? அறிவியல் கூறிய காரணம் சரியானதே. ஆனால் அது உழவருக்கு விளக்கப்பட்ட விதமும், மாற்றாகத் தரப்பட்டதும் போதவில்லை. 1948இல் அக்கிராவில் மூண்ட கலவரத்துக்கு இம்மனக்கசப்பும் ஒரு காரணம் என்று, அதனை விசாரித்த குழு எழுதி வைத்தது. அதே காலத்தில், 1944இல் தாஃபோ என்னும் ஊரில் மேற்கு ஆப்பிரிக்கக் கொக்கோ ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. திரினிடாடிலிருந்து வந்த அமேசான் வகைகள் அங்கே நடப்பட்டு, உள்ளூர் மரங்களோடு கலக்கப்பட்டன. வெட்டிய இடத்தில் நடுவதற்குத் தகுந்த கன்று கிடைத்த பிறகே உழவரின் மனம் ஓரளவு ஆறியது எனலாம். நல்ல ரகம் இல்லாத அறிவுரை, உழவருக்குத் தண்டனையாகவே தோன்றும்.

நம் நாட்டின் முயற்சி

இந்தியாவில் கொக்கோ வணிகப் பயிரானது 1965க்குப் பின்னர். அவ்வாண்டில் கேட்பரி நிறுவனம் வயநாட்டின் சுண்டேல் என்னுமிடத்தில் மாதிரிப் பண்ணை ஒன்றை அமைத்தது. 1970இல் காசர்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்டு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. கர்நாடகத்தின் விட்டல் ஊரிலுள்ள அதன் நிலையத்தில் கொக்கோ ஆய்வு தொடங்கியது. மலேசியா, நைஜீரியா, கானா முதலிய நாடுகளின் வகைகள் அங்கே திரட்டப்பட்டன. தென்னை, பாக்கு மரங்களின் நிழலில் கொக்கோ வளரும் என்பது நம் நாட்டுக்குப் பொருத்தமான கண்டுபிடிப்பு. தனி நிலம் தேவையில்லை. ஏற்கெனவே நீர் பாயும் தோப்பில் இடைவெளியில் நடலாம்.

1970களின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் கொக்கோ விலை உச்சத்தைத் தொட்டது. கேரளத்திலும் தென் கர்நாடகத்திலும் ஆயிரக்கணக்கான சிறு உழவர் ஆவலோடு நட்டனர். கன்றுகள் காய்க்கத் தொடங்கிய வேளையில், 1980களின் தொடக்கத்தில், விலை சரிந்தது. வாங்குவாரின்றிக் காய்கள் மரத்திலேயே அழுகின. பலர் மரங்களை வெட்டிச் சாய்த்தனர். அந்நெருக்கடியில் பாக்கு உழவரின் கூட்டுறவு அமைப்பான கேம்ப்கோ கொள்முதலில் இறங்கியது. 1986இல் புத்தூரில் தனக்கெனச் சாக்லேட் ஆலை ஒன்றையும் தொடங்கியது. உழவரே உரிமையாளராக இருந்த கூட்டுறவு ஒன்று அன்று இல்லாதிருந்தால், தென் கர்நாடகத்தில் இன்று கொக்கோவின் பெயரே மறைந்திருக்கக்கூடும்.

விலை வீழ்ந்து, உழவர் வெறுத்துக் கைவிட்ட அந்த ஆண்டுகளிலும் ஆய்வு நிற்கவில்லை என்பதே நாம் பாராட்ட வேண்டியது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 1979இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய கொக்கோத் திட்டம், 1987 முதல் கேட்பரி நிறுவனத்தின் நிதியுதவியோடு திருச்சூரை அடுத்த வெள்ளானிக்கராவில் தொடர்ந்தது. பணி எவ்வாறு நடந்தது?

முதற்படி, தேர்ந்தெடுத்தல். தோட்டங்களிலும் சேகரிப்பிலும் உள்ள மரங்களின் காய்களை ஆண்டுதோறும் எண்ணினர். காய் ஒன்றுக்கு 35க்கு மேல் விதையும், உலர்ந்த பருப்பு ஒவ்வொன்றும் 1 கிராமுக்குக் குறையாத எடையும், பாதிக்கு மேல் கொழுப்பும் உள்ளதா என்று பார்த்தனர். அடுத்த படி, ஒட்டுக்கட்டுதல். தேறிய மரத்தின் மொட்டை நாற்றின் தண்டில் பதித்து வளர்த்தால், தாய்மரத்தின் குணம் மாறாமல் வரும். மூன்றாம் படி, கலப்பினம். ஒரு மரத்தின் பூவைக் குழாயால் மூடிப் பூச்சி அண்டாமல் காத்து, தெரிந்தெடுத்த மற்றொரு மரத்தின் மகரந்தத்தைக் கையால் தடவி, பிறக்கும் கன்றுகளைப் பல்லாண்டு கண்காணித்தனர். கிளைகள் நுனியிலிருந்து கருகிவரும் நோய் கேரளத்தில் பரவியபோது, நோயுற்ற மரங்களின் நடுவே நலமாக நின்ற மரங்களைத் தேடி அவற்றைக் கலப்புக்குப் பயன்படுத்தினர். 

இவ்வுழைப்பின் பயனாக சி.சி.ஆர்.பி. என்னும் பெயரில் 1 முதல் 7 வரை எண்ணிட்ட ஒட்டு ரகங்களும், 8, 9, 10 என்னும் கலப்பினங்களும் வெளிவந்தன. விட்டல் நிலையமும் தன் பெயரால் ஒட்டு ரகங்களையும் கலப்பினங்களையும் தந்துள்ளது. தன் மகரந்தத்தை ஏற்காத மரங்கள் பல என்பதால், ஒரே ரகத்தைத் தோட்டம் முழுவதும் நடக்கூடாது, ஒன்றையொன்று ஏற்கும் பல ரகங்களைக் கலந்தே நடவேண்டும் என்பதும் அவர்கள் கற்பித்த பாடம். விதைக்காகவும் அவ்வாறே பல ரகங்களை அருகருகே வளர்த்த தோட்டங்கள் அமைக்கப்பட்டன. தனித்து நின்றால் காயாது, சேர்ந்து நின்றால் காய்க்கும் என்பது மரத்துக்கு மட்டும் உரிய நீதியன்று.

நெல் கற்றுத் தந்தது

மதுரைச் சமவெளியின் உழவருக்கு நல்ல ரகத்தின் அருமையைச் சொல்லித் தரத் தேவையில்லை. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரால் வளம் பெற்ற நெல்வயல்கள் அவர்களுடையவை. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய நெல் இனவிருத்தி நிலையத்தில் பார்னெல் என்னும் அறிஞர் தெரிந்தெடுத்து, 1921இல் வெளிவந்த ஜி.ஈ.பி. 24 என்னும் நெல்லை நம் முன்னோர் கிச்சிலிச் சம்பா என்று அன்போடு அழைத்தனர். அந்நெல்லோடு கோ 18ஐக் கலந்து டி.கே.எம். 6 உருவாயிற்று. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் அதன் குணத்துக்காகப் பிலிப்பைன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆய்வு நிலையம் அதனைக் கலப்பில் சேர்த்தது. அவ்வாறு பிறந்து 1969இல் வெளியான ஐ.ஆர். 20 நம் வயல்களுக்கே திரும்பி வந்தது. வெளிநாட்டு நெல் என்று நாம் எண்ணிய ஒன்றில் நம் கிச்சிலிச் சம்பாவின் இரத்தம் ஓடிற்று என்பதை எத்தனை பேர் அறிவர்?

1965இல் ஆனைமலை அடிவாரத்து ஒத்தக்கடை அருகே வேளாண்மைக் கல்லூரி தொடங்கப்பட்ட பிறகு, இம்மண்ணுக்கென்றே எம்.டி.யு. என்னும் பெயருடைய நெல் ரகங்களும் வந்தன. நெல்லில் ஒரு ரகம் பொய்த்தால் நான்கைந்து மாதங்களில் தெரிந்துவிடும். அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளலாம். இழப்பு பெரிதெனினும் ஓர் ஆண்டோடு தீரும். கொக்கோவோ வேறு. பொய்த்த கன்று என்று அறிவதற்குள் ஐந்தாறு ஆண்டுகள் போய்விடும். அக்காலத்துக்குள் உழவரின் மகள் பள்ளியிலிருந்து கல்லூரிக்குச் சென்றிருப்பாள். வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்திருக்கும். ஆகவே மரப்பயிரில் ரகச் சோதனை என்பது ஆய்வாளரின் ஆர்வம் தொடர்பானதன்று, ஒரு குடும்பத்தின் ஐந்தாறு ஆண்டு வாழ்வு தொடர்பானது.

சோதனை என்பதன் உண்மைப் பொருளை இங்கேதான் உணர்கிறோம். ஆய்வு நிலையத்தில் நூறு கன்றுகள் நடப்பட்டுத் தொண்ணூறு தள்ளப்படுகின்றன. அத்தொண்ணூறு தோல்விகளும் அங்கேயே, பொதுப்பணத்தில், கணக்கேட்டில் முடிந்துவிடுகின்றன. அவை உழவரின் நிலத்தை எட்டுவதில்லை. ஏழை உழவர் சுமக்க வேண்டிய தோல்வியை அவருக்கு முன்பாகவே வேறொருவர் சுமந்துவிடுவதே சோதனை. அந்தச் சுமையை எவரும் ஏற்காதபோது, அது தானாகவே மிக எளியவரின் தோளில் போய் விழுகிறது.

மதுரைச் சமவெளிக்கு ஒரு சொல்

2000க்குப் பின்னர் தமிழ்நாட்டிலும் தென்னந்தோப்புகளில் கொக்கோ பரவியது. பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பகுதிகள் அதில் முன்நின்றன. 2020–21இல் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 1 இலட்சம் எக்டேரில் கொக்கோ பயிராகி, ஏறக்குறைய 27,000 டன் பருப்பு கிடைத்தது. நம் நாட்டுச் சாக்லேட் ஆலைகளின் தேவை அதனினும் பன்மடங்கு. மீதி இறக்குமதி ஆகிறது. 2024இல் மேற்கு ஆப்பிரிக்காவில் பருவநிலையும் நோயும் மூத்துப்போன மரங்களும் சேர்ந்து விளைச்சலைக் குறைத்தபோது, உலகச் சந்தையில் டன் ஒன்றின் விலை 10,000 டாலரைத் தாண்டியது. கேரளத்தில் உலர்ந்த பருப்பு கிலோ 1,000 ரூபாய்க்கு விற்றது. பின்னர் அவ்விலை இறங்கியது. 1970களின் கதையே மீண்டும் அரங்கேறியது எனலாம்.

இத்தகைய காலத்தில் சோழவந்தான் தென்னந்தோப்பினருக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் உழவருக்கும் ஆசை எழுவது இயல்பு. அதைக் குறைகூறுவதற்கில்லை. தேங்காய் விலையை மட்டும் நம்பி வாழ்வோருக்கு, தோப்பின் நிழலிலிருந்து மற்றொரு வருவாய் கிடைப்பது நன்மையே. ஆனால் சில உண்மைகளை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். கொக்கோ விரும்புவது ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 மி.மீ. மழை. வெள்ளானிக்கராவில் பெய்வது 2,500 மி.மீ.க்கும் மேல். மதுரைச் சமவெளியில் பெய்வதோ ஏறத்தாழ 850 மி.மீ. கத்திரி வெயிலில் இங்கே வெப்பம் 40 பாகையை எட்டுவதும் உண்டு. அங்கே தேறிய ரகம் இங்கேயும் தேறும் என்று எவரும் உறுதி கூறிவிட முடியாது. நீர்ப்பாசனம் மழையின் குறையை ஓரளவு ஈடுசெய்யும். வறண்ட காற்றின் கொடுமையை அது முழுவதும் ஈடுசெய்யாது.

ஆதலின் தேவைப்படுவது இம்மண்ணிலேயே செய்யப்படும் சோதனை. வெவ்வேறு ரகங்களை இங்குள்ள தோப்புகளில் நட்டு, பத்தாண்டு காய்க்கணக்கு எழுதி, அதன் முடிவை ஒளிவுமறைவின்றி உழவர் முன் வைக்க வேண்டும். பல்கலைக்கழகங்களும் அரசின் தோட்டக்கலைத் துறையும் வாங்கும் நிறுவனங்களும் அதில் பொறுப்பேற்க வேண்டும். தன் தோப்பின் ஒரு மூலையைச் சோதனைக்குத் தரும் உழவருக்கு, அது பொய்த்தால் இழப்பீடு கிடைக்கவேண்டும். அவர் பிறர்க்காகத் துணிந்தவர் அல்லரோ? அதுவரை, நடவிரும்புவோர் எந்த ரகம், எந்தத் தாய்மரத்து ஒட்டு என்று கேட்டறிந்து, சில பத்துக் கன்றுகளோடு தொடங்குவதே அறிவுடைமை. விலை ஏறும்போது கன்று விற்போர் பெருகுவர். விலை இறங்கும்போது அவர்களை எங்கே தேடுவது?

நம் பங்குகளிலும் இத்தகைய உழவர் பலர் உள்ளனர். படித்த பிள்ளைகள் அவர்கள் இல்லங்களில் உண்டு. ரகத்தின் பெயரையும் ஒப்பந்தத்தின் வரிகளையும் தந்தைக்குப் படித்துக் காட்டுவது அவர்கள் செய்யக்கூடிய எளிய உதவி. தனித்தனியே விற்று ஏமாறாமல், புத்தூர் உழவரைப்போல் கூடி விற்கும் அமைப்பு ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்குவதும் நன்றே.

குற்றாலத்தில் 1798இல் மரம் நடப்பட்டபோது, அதைக் கணக்கெடுப்பாரும் இல்லை, அதனால் யாருக்குப் பயன் என்று கேட்பாரும் இல்லை. வெள்ளானிக்கராவிலும் விட்டலிலும் பெயர் அறியாத பலர், வெயிலிலும் மழையிலும் மரம் மரமாகச் சென்று காயெண்ணி எழுதினார்கள். அவர்களுள் சிலர், தாம் கலந்த ரகம் உழவரின் கைக்குச் சேருமுன்பே ஓய்வு பெற்றிருப்பர். சாக்லேட் உறையைப் பிரிக்கும் நம் பிள்ளைகளுக்கு, நட்டுவிட்டு நான்கு ஆண்டுகள் காத்திருக்கும் உழவரைப் பற்றியும், அவருக்காக இருபது ஆண்டுகள் காத்திருந்த அந்த உழைப்பாளரைப் பற்றியும் ஒரு சொல் சொல்லி வைப்போம்.